தானாக எழும் கை

ஜப்பானின் நீகாத்தாவில் ஒரு முதியோர் காப்பகத்தில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டும் எனாமி தகாகோவுக்குக் கோபமெல்லாம் தன் வலது கை மேல்தான். காலைக் கூட்டத்தில் மேலாளர் உட்சுமி ஞாயிறு வேலைக்கு ஆள் கேட்டு, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று ஆரம்பித்தாலே அது தானாக எழுந்துவிடும். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் முந்தின நாள் வேலையில் கிடைத்த மனநிறைவைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைதட்டுவார்கள். படுக்கையிலிருக்கும் பெரியவர் இன்னொரு வாய் கஞ்சி கேட்டதைச் சொல்லிக் கண் கலங்கியவள், சம்பளமில்லாத ஞாயிறுக்கு எந்த வாயால் மாட்டேன் என்பாள்?

இப்படியே மகள் ஹினாகோவின் பள்ளி வாத்தியக் குழுப் போட்டி இரண்டு வருடம் கைநழுவியது. அவள் பள்ளி முடிக்கும் வருடம் இது; இந்த ஞாயிறு நடப்பதுதான் கடைசி. "வரலைன்னாலும் பரவால்லம்மா" என்று அந்தப் பெண் சிரித்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

இதைக் கேட்ட நாகிசா, போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள், இதற்குப் பெயர் 'யாரிகாய் சகுஷு' என்றாள். சகுஷு என்றால் சுரண்டல். தகாகோவைப் பொறுத்தவரை அது தொழிற்சங்க நோட்டீஸில் வரும் சொல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதன் முன்னால் யாரிகாயைச் சேர்த்துவிட்டார்கள்: வேலையின் மனநிறைவைக் காட்டியே ஆளைச் சுரண்டுவது. பெயர் தெரிந்ததும் எரிச்சல் இரட்டிப்பானது.

மறுநாள் கூட்டத்தில் தன் முறை வந்ததும் அந்தச் சொல்லைப் போட்டு உடைத்தாள். யாரும் கைதட்டவில்லை. உட்சுமி சீறுவார் என்று பார்த்தால், மனிதர் குனிந்து நன்றி சொன்னார். மிக முக்கியமான விஷயம், இதைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பே வைக்க வேண்டும் என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமையே. சம்பளம் கிடையாது. வகுப்பை எனாமி சானே, அதாவது தகாகோவே, எடுக்கலாமாம்.

"யாரையும் கட்டாயப்படுத்தல. மனசிருக்கறவங்க கை தூக்குங்க."

வரிசையாகக் கைகள் எழுந்தன. நாகிசாவின் கையும்தான். தகாகோ முறைத்ததும் அவள் தரையைப் பார்த்தாள். தகாகோவின் பாழாய்ப்போன வலது கையும் அதற்குள் பாதி தூரம் கிளம்பியிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கினாள்.

"அன்னைக்கு எனக்கு வேலை இருக்குங்க."

"என்ன வேலை, எனாமி சான்?"

"உக்காந்து கேக்கற வேலை."

ஞாயிறன்று அரங்கின் நடுவரிசையில் உட்கார்ந்தாள். குழு மேடையேறியது. மற்ற பிள்ளைகள் கூட்டத்தில் பெற்றவர்களைத் தேடினார்கள். ஹினாகோ தேடவில்லை, அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தகாகோவின் வலது கை தானாக எழுந்தது. மகள் நிமிர்ந்து பார்க்கும்வரை அவள் அதை இறக்கவில்லை.