இல்லாத குழந்தைக்கு அழுதவள்

பேருந்துப் பணிமனையில் கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைப்பவள் அவள். கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்று டிரைவர்கள் அவளுக்கு ஊசியக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மகள் காய்ச்சலில் போன பிறகு அந்த வாய் அடைத்துப்போனது. வீட்டில் கணவரோடுகூடப் பேச்சில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாராவாரம் கூடும் நூலக மாடியறையில்தான் மறுபடி வாய் திறந்தாள்.

அங்கேதான் ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தாள். கைக்குழந்தை தூக்கத்திலேயே போய்விட்டதாம். சொல்லி முடிப்பதற்குள் தேம்பிவிட்டாள். ஊசியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் குழந்தையின் பிறந்தநாள் என்று அவள் சொன்ன அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவள் அறைக்கே போய், சோறு பிசைந்து, அவள் அழ அழ ஊட்டிவிட்டாள். மகளின் கடைசி நாட்களைப் பற்றிக் கணவரிடமும் சொல்லாததையெல்லாம் அன்று கொட்டித் தீர்த்தாள்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் பணிமனைக்கே வந்து நின்றாள்.

"அக்கா, எனக்குக் குழந்தையே பிறந்ததில்ல. துக்கத்துல இருக்கறவங்க எப்படி ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லிக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன். மறைச்சு வெக்க முடியல, அதான் வந்தேன்."

தையல் மெஷின் நின்றது.

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா யாரும் மனசுவிட்டுப் பேசியிருக்க மாட்டீங்க. யார் பேரும் வெளிய வராது. எங்க பேராசிரியரும் சம்மதிச்சுட்டார்."

"அவரு சம்மதிச்சாரு. என்னைக் கேட்டியாடி?"

ஊசியக்கா மெஷினை விட்டு எழுந்தாள்.

"அன்னிக்கு அழுதியே, அது?"

"அது நிஜம்க்கா. நீங்க ஊட்டிவிட்டப்போ தானா வந்துச்சு."

"நான் சொன்னது எதையும் எழுதாதே. போ."

எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள். அவள் சத்தியத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஊசியக்காவுக்குத் தெரியவில்லை.

"விட்டுத்தள்ளு. ஒரு குழந்தை சாகலைன்னு சந்தோஷப்படு" என்றார் கணவர், அன்று ராத்திரி அவள் விஷயத்தைச் சொன்னபோது.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த முகம் தெரியாத குழந்தையை அவள் மனசுக்குள் தன் மகளின் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தாள். இப்போது அதை எங்கே தூக்கிப் போடுவது?

அடுத்த வாரம் மாடியறைக்குப் போனாள். புதிதாக வந்திருந்த ஒரு தகப்பன், ஆற்றோடு போன மகனைப் பற்றிச் சொல்லும்போதே முகத்தைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் அவர் பக்கம் நகர்ந்தார்கள். ஊசியக்கா மட்டும் அசையாமல், அவர் விரலிடுக்கில் கண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள்.

வந்தது. அப்படிப் பார்த்த தன்னையே அவளுக்குச் சகிக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மாடிப்படியில் அவள் கால் வைக்கவே இல்லை.