வடம் பிடித்ததற்குச் சாட்சி

எங்கள் சங்கம் மதங்களை ஆராய்வதற்கு ஏற்பட்டது, பக்தி வளர்ப்பதற்கு அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் கூடுவோம். தன் மதத்தைப் பற்றி யாரும் கட்டுரை படிக்கக் கூடாது. படித்து முடித்ததும் அந்த மதத்துக்காரர் ஒருவர் எழுந்து, எழுதியது சரிதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கட்டுரை செல்லும். அந்த ஏற்பாட்டில் எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நான் கிறிஸ்தவள். கன்னியர் மடத்துப் பள்ளியில் டீச்சர். அம்மாவும் நானும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். வீராம்பட்டினத்து அம்மன் தேரைப் பற்றி எழுதியிருந்தேன். ஆடி மாதம் நேரில் போய்ப் பார்த்து எழுதியது. ஒன்றை மட்டும் எழுதவில்லை. தேர் மணலில் சிக்கி நின்றபோது, பக்கத்திலிருந்த பெண் வடத்தை என் கையில் திணித்தாள். நானும் இழுத்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அது தெரிந்தால் மடத்தில் என்னை ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

அன்று விருந்தாளியாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரி. தாளைவிட்டுத் தலை நிமிராமல் படித்து முடித்தேன்.

சாட்சி சொல்ல வந்தவர் வீராம்பட்டினத்துப் படகுக்காரர், கோயில் தர்மகர்த்தா. என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, இவர் அன்று என்னைப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியாத்தாங்க எழுதியிருக்காங்க. ஒண்ணுதான் உட்டுட்டாங்க. தேரு மணல்ல மாட்டிக்கிச்சே, அப்ப டீச்சரம்மாவும் வடம் புடிச்சாங்க. அதையும் சேத்துக்குங்க, எங்களுக்குப் பெருமதான்."

தலைமைக் கன்னியாஸ்திரி எழுந்து என்னைப் பார்த்தார். "உண்மையா?"

நீதிபதி குறுக்கிட்டார். "இங்க யாரோட நம்பிக்கையையும் கேக்கக் கூடாது, மதர்."

"நம்பிக்கைய கேக்கல. தொட்டாளான்னு கேக்கறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆமா மதர், புடிச்சேன். வருஷா வருஷம் பிரெஞ்சு கவர்னர் வடம் புடிச்சுத்தானே அந்தத் தேர் கிளம்பிச்சு? ஞாயித்துக்கெழம பூசைக்கும் அவருதான் வந்தாரு. அவருக்கு முன்வரிசைல நாற்காலி போட்டீங்களே?"

மதர் ஜெபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். படகுக்காரர் பதறிப்போனார்.

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனாம்மா?"

"இல்லீங்க," என்றேன். வேறென்ன சொல்வது?

நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கட்டுரை ஏற்கப்பட்டது, வடம் பிடித்ததையும் சேர்த்துவிடுங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை என் வகுப்பில் வேறொரு டீச்சர் நின்றிருந்தாள். எனக்காகப் பேச, கைதட்டியவர்களில் ஒருவர்கூட மடத்து வாசலுக்கு வரவில்லை.