நினாயின் முழுப் பங்கு

பாலுகன் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வலை கரையேறும்போது கயிற்றில் இருந்தவர் யாரானாலும் பங்கு உண்டு. பூசைக்குப் போகிற வழியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருத்தி கைகொடுத்தாலும், மணலில் அவளுக்கும் ஒரு குவியல் மீன் விழும். யார் பலமாக இழுத்தார், யார் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தார் என்று எவரும் பார்த்ததில்லை. கடலில் இருப்பது ஆண்டவர் போட்டது; அதை எடை பார்த்துக் கொடுக்க நாம் யார் என்று விட்டுவிடுவார்கள்.

நினாய் அந்தக் கயிற்றிலேயே வளர்ந்தவள். ஞானஸ்நானப் பெயர் சத்துர்நீனா. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். சின்னவர்களுக்கெல்லாம் அவள் மனாங், அக்கா. சந்தையில் ஐஸ் உடைக்கும் மிஷினில் இடது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் மாதா படத்துக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்திவிட்டு நேரே கரைக்குப் போனாள். கரைவலையைக் கையால் மட்டுமா இழுக்கிறார்கள்? இடுப்பில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு சிறு கயிறு. அதைப் பெரிய கயிற்றில் சுற்றி மாட்டி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் நடக்க வேண்டும். மாட்டுவதற்கு ஒரு கையும் பல்லும் போதும் அவளுக்கு.

"நாங்கல்லாம் சோறு திங்க பல்லு வச்சிருக்கோம். இவ கயிறு திங்க வச்சிருக்கா" என்பாள் பக்கத்து வீட்டு போனிங்.

"சோறு இல்லாத அன்னைக்குக் கயிறாவது இருக்கேடி."

இப்படியே பல வருஷம் போயிற்று. வலைக்குச் சொந்தக்காரரான கிழவர் இறந்து, மகன் எல்மர் கப்பல் வேலையை விட்டு வந்து வலையை ஏற்றுக்கொண்டான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையில் நிற்பான். ஒருநாள் பங்கு போடும்போது நினாயின் முன்னால் விழுந்த குவியல் பாதியாக இருந்தது.

"தம்பி, மிச்சத்த மறந்துட்ட."

"மறக்கல மனாங். ஒத்தக் கைக்கு அரைப் பங்கு. கப்பல்ல எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு."

"இது கப்பல் இல்லப்பா, கரை."

"பாவம்னு பாத்துதான் அரையாவது தர்றேன்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அவளுக்குள் போய்த் தைத்தது. மீனைத் தொடாமல், வெறும் அலுமினியப் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தெரு நாய்களுக்கு அன்றைக்குத் திருவிழா.

வீட்டில் புருஷன் குலாஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சுச் சளிக்காரன், கடலுக்குப் போக மாட்டான். பேசின் காலியாக வந்ததைப் பார்த்துவிட்டு மரவள்ளிக்கிழங்கை அவிக்கப் போட்டான்.

"உன் கோவத்த வறுத்தா ரெண்டு பேருக்குப் பத்தும். எண்ணெய்தான் இல்ல" என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து போனிங் சும்மா இருப்பாளா? "மீன எடுத்துட்டு வந்து அப்புறமா திட்டியிருக்கலாமில்ல?"

"அவன் குடுத்தத வயித்துல போட்டுக்கிட்டுத் திட்டினா சத்தம் வராது."

கோபம் பாவம் என்று நினாய்க்குத் தெரியும். செபமாலையை முடித்துவிட்டு, இது கோபமில்லை, நியாயம்தான் என்று மாதாவிடம் சொல்லிப் பார்த்தாள். மாதா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் போனாள். பட்டையை மாட்டினாள், மற்றவர்களைப் போலவே இழுத்தாள். வலை பாதி தூரம் வந்ததும் பட்டைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மனாங், மூச்சு வாங்குதா?" என்று சிரித்தான் எல்மர்.

"இல்லப்பா. அரைப் பங்குக்கு அரை வலை. என் பாதி முடிஞ்சிருச்சு."

கயிறு முழுக்கச் சிரிப்பு ஓடியது. எல்மர் கண்ணாடியைக் கழற்றினான். "அப்படின்னா நாளைக்கு வராத."

"வலை உன்னோடது. கரையும் உங்கப்பன் வாங்கிப் போட்டதா? கயித்துல கை வச்சவள விரட்டின ஆளு இந்த ஊர்ல இதுவரைக்கும் இல்ல. நீதான் மொத ஆளா இருக்கணும்னா இருந்துக்க."

அதற்கு அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் அளவை விடவுமில்லை. தினமும் அரைக் குவியல் விழும். தினமும் அவள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவாள். கிழங்கைத் தின்று தின்று குலாஸின் வேடிக்கைப் பேச்சும் குறைந்தது. ஊரில் பாதிப் பேர் அவளுக்குத் திமிர் என்றார்கள்.

பிறகு எல்மர் மரிசெலின் பங்கையும் பாதியாக்கினான். நிறைமாதக்காரி; நடுவில் நின்று நின்று மூச்சு வாங்குகிறாளாம். மரிசெல் போனிங்கின் மருமகள்.

அடுத்த நாள் வலை கனத்து வந்தது. மத்திக் கூட்டம். தண்ணீர் வெள்ளியாகக் கொதித்தது. பாதி தூரத்தில் நினாய் வழக்கம்போல் அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தொப்பென்று போனிங் வந்து உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குடி?"

"இடுப்பு வலி."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்திக்கு இடுப்பு வலி வந்தது. பிறகு இரண்டு ஆண்களுக்கு. கடைசியில் மணலெல்லாம் இடுப்பு வலிக்காரர்கள். எல்மர் ஓடிவந்து தானே ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு இழுத்தான். குதிகால் மணலில் உழுததே தவிர வலை நகரவில்லை.

"எழுந்திரு மனாங். உனக்கு முழுசாவே தர்றேன்."

"எனக்கு மட்டுமா?"

"உனக்குத்தான."

"மரிசெலுக்கு?"

அவன் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு தொய்ந்து, வலையின் அடிப்பக்கம் தூக்கிக்கொள்ள, மத்தி மொத்தமும் கீழ்வழியாக ஆழத்துக்குப் போய்விட்டது. பிறகு எல்லோரும் எழுந்து வலையை இழுத்துப் போட்டார்கள். பாசியும் நாலைந்து சொறி மீனும் வந்தன.

அன்றைக்குப் பாலுகனில் எந்த வீட்டிலும் மீன் இல்லை. அவளால்தான் என்று சிலர் அவள் காதுபடவே சொன்னார்கள். "ஆமா, என்னாலதான்" என்றாள் நினாய். குலாஸ் கிழங்கை உரித்து அவள் தட்டில் பெரிய துண்டாகப் போட்டான்.

மறுநாள் சுமாரான மீன்பாடுதான். நினாய் பாதியில் உட்காரவா வேண்டாமா என்று எல்மர் முகத்தைப் பார்த்தாள். அவன் கயிற்றோரமாக வந்து, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, "கயித்துல இருக்கிற எல்லாருக்கும் முழுப் பங்கு" என்றான். அவள் பட்டையை அவிழ்க்கவில்லை. மீன் சேரும் வலையின் மடி கரையேறியது. குவியல்கள் விழுந்தன, சிறியவைதான், ஆனால் எல்லாம் ஒரே அளவு. மரிசெலுக்கும் அதேதான்.

நினாய் மீனைப் பேசினில் வாரி இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனைக் கடந்து போனாள்.

"முழுசா குடுத்தேனே மனாங். ஒரு நன்றி கூட இல்லையா?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"காலைலயே கோயில்ல சொல்லிட்டேன் தம்பி. சொல்ல வேண்டிய ஆளுக்கு."