பல் விழுந்த பிள்ளைப் பொடி

அப்பா செய்த பற்பொடியின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல அப்பாவாலேயே முடியாது. சர்வ தந்த சுக சஞ்சீவிச் சூரணம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் உமிக்கரி, கராம்பு, உப்பு, படிகாரம் எல்லாவற்றையும் இடித்து அரித்து, மண்ணிறக் கடதாசிப் பொட்டலங்களில் அடைத்து, இந்தப் பெயரை அச்சடித்த துண்டை மேலே ஒட்டுவார். பெயர் நீளம் என்பதால் எழுத்து சிறியது. எழுத்து சிறியது என்பதால் அதை யாரும் வாசிக்கவில்லை. பாமன்கடையிலும் பொரளையிலும் சீமைப் பற்பொடித் தகர டப்பாக்கள் கடைகளின் முன்வரிசையில் மினுங்கிக்கொண்டிருக்க, எங்கள் பொட்டலங்கள் சவர்க்காரக் கட்டிகளுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தன.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடுதான் இருந்தார். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்கர். கம்பனிக்கு வரும் சீமைச் சஞ்சிகைகளில் செய்திகளை விட்டுவிட்டு விளம்பரங்களை மட்டும் படிப்பவர். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் அப்பாவின் பொட்டலம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தான், இந்தக் கொழும்பிலை சிங்களம் வாசிக்கிறவை இருக்கினம், தமிழ் வாசிக்கிறவை இருக்கினம், ஒண்டுமே வாசிக்காதவையும் இருக்கினம். முகம் எண்டால் எல்லாருக்கும் விளங்கும். நல்ல போட்டோ ஒண்டு எடுத்து மேலை போடுங்கோ."

"ஆரின்ரை முகம்?" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது ஏழு வயது. என் பற்கள் வீட்டில் ஏற்கெனவே பேர்பெற்றவை. விருந்தினர் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்வார். "எல்லாம் பொடியின்ரை வேலை" என்பார்.

அன்றிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பொரளை வரை என் முகம் போகப்போகிறது. கண்ணாடியின் முன் நின்று சிரித்துப் பழகினேன். வகுப்பில் கணக்குப் பிழைத்தபோதும் சிரித்தேன், அதற்கு அடி வாங்கினேன். போட்டோவுக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தாயிற்று. அம்மா ரோசா நிறத்தில் புதுச் சட்டை தைத்தாள்.

புதன்கிழமை காலை, பல் விளக்கும்போது முன்பல் ஒன்று ஆடியது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாமா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம். நாலு நாளும் பாண் துண்டுகளைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றேன். முறுக்கை வேண்டாம் என்று சொன்னபோது அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நித்திரையில் பல் விழுந்துவிடக் கூடாது என்று உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிறு வந்தது. கடலோரமாக ஓடும் ரயிலில் கோட்டைக்குப் போனோம். யன்னலோரம் எனக்கென்றே விட்டார்கள். காற்று பல்லைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் வழி முழுக்க வாய் திறக்கவில்லை. "பிள்ளை பயந்துபோனாள்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். கோட்டையிலிருந்து ரிக்‌ஷாவில் கொட்டாஞ்சேனை.

படக்கூடம் ஒரு சாமான் கடையின் மாடியில் இருந்தது. கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சம் உள்ளே கொட்டியது. சுவர் நிறைய ஒரு திரைச்சீலை, அதில் மாளிகையும் குளமும் இரண்டு அன்னங்களும். அதன் முன்னே மட்டையால் செய்து வெள்ளை பூசிய மாடிக் கைப்பிடிச் சுவர் ஒன்று. அதற்கு முன் நான் பார்த்த எந்த இடமும் இவ்வளவு அழகாக இருக்கவில்லை. படம் எடுப்பவர் கறுப்புக் கோட்டுப் போட்ட மெலிந்த மனிதர். பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்றதும் அவர் கமராவின் துணியை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"இருபது வருசமாப் படம் எடுக்கிறன். கலியாண மாப்பிளையே வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார். சிரிச்சா மரியாதை இல்லை எண்டு."

"இது பல்லுப்பொடி, மாஸ்டர். வாயை மூடினால் எதை விக்கிறது?"

அவர் தலையை ஆட்டிவிட்டுத் துணிக்குள் போனார். நான் பழகிவைத்திருந்த சிரிப்பைச் சிரித்தேன். அவர் வெளியே வந்தார். "பிள்ளைக்கு எங்கயும் நோகுதா?" என்று கேட்டார்.

மறுபடி சிரித்தேன். மறுபடி வெளியே வந்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு ரொபியை எடுத்து என் கையில் வைத்தார். "இதைச் சாப்பிடுங்க மகள். அவசரம் இல்லை."

நாலு நாளாக இனிப்பே கண்டிராத நாக்கு. எல்லாவற்றையும் மறந்து கடித்தேன். ரொபியை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதில் என் பல் நிமிர்ந்து நின்றது.

அப்பா நெற்றியில் கைவைத்தார். பல்லைப் பார்க்கக் கிட்ட வந்த மாமா அப்படியே பின்னால் இருந்த மாடிச் சுவரில் உட்கார்ந்தார். அது மட்டை அல்லவா, அவரோடு சேர்ந்து சரிந்தது. மாளிகையின் குளத்தருகே மாமாவின் இரண்டு கால்கள் மட்டும் மேலே தெரிந்தன. புதன்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த பயம் முழுதும் அந்த ஒரு நொடியில் என்னை விட்டுப் போனது. நான் சிரித்தேன். கமராப் பக்கம் திரும்பி, கண் இரண்டும் மூடிப்போக, ஒரு கையில் ரொபியைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தேன். எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. படம் எடுப்பவர் கமராவின் இரப்பர்க் குமிழை அமுக்கிவிட்டிருந்தார்.

"பல்லில்லாத பிள்ளையைப் போட்டால், இந்தப் பொடியாலைதான் பல்லு விழுந்ததெண்டு சொல்லுவினம்" என்று மாமா கோட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"பல்லுத்தானே, படம் பதிஞ்ச கண்ணாடித் தகட்டில பென்சிலால வைக்கலாம்" என்றார் படம் எடுப்பவர்.

அடுத்த வாரம் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் பல் இருந்தது, என் பல்லைவிட ஒழுங்காக. மற்றதில் இடைவெளி. மாமாவுக்குப் பல் உள்ளதுதான் பிடித்தது. அம்மா மற்றதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அப்பா ஒரு முடிவுக்கும் வராமல் என்னையும் கூட்டிக்கொண்டு பாமன்கடைக்குப் போனார். அங்கே எங்கள் பொட்டலங்களைச் சவர்க்காரத்துக்குப் பின்னால் வைத்த கடை முதலாளி ஒருவர், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். இரண்டு படங்களையும் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பல் உள்ள படத்தை அப்பாவிடம் திருப்பித் தள்ளினார்.

"இது கண்ணாடி அலுமாரிப் பொம்ம, தம்பி. இந்தா, இது எங்கட ஊட்டுப் புள்ள. பொடி வாங்குற தாய்மார்தானே. இதப் பாத்திட்டு வெச்சிட்டுப் போவாங்களா?"

அச்சுக்கூடத்தில் அந்தப் படம்தான் ஏறியது. புதுப் பொட்டலத்தின் முகப்பு முழுக்க என் சிரிப்பு, நீளப் பெயர் கால்மாட்டில் ஒரு வரியாக ஒடுங்கிக்கொண்டது. நானா தன் கையாலேயே பொட்டலங்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். ஒரு மாதத்துக்குள் பொரளைக் கடைகளிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். யாரும் சஞ்சீவி என்றோ சூரணம் என்றோ கேட்கவில்லை. தமிழர் "பல் விழுந்த பிள்ளைப் பொடி" என்றார்கள். சிங்களவர் "தத் நெத்தி ளமயா" என்று, பல் இல்லாத பிள்ளையைக் கேட்டு, விரலை நீட்டினார்கள். பின்விறாந்தை போதாமல் முன்னறையிலும் பொடி பரவியது. பொட்டலம் மடிக்க இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எங்கள் துணி, தலையணை, சோறு எல்லாம் கராம்பு மணத்தன. ஹெவ்லொக் டவுனில் முன்பின் தெரியாதவர்கள் வீதியில் என்னை நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். கம்பனியில் மாமா, அந்த இடைவெளியே தன் யோசனைதான் என்று சொல்லித் திரிந்தார்.

அந்தச் சந்தோசத்தின் நடுவில், ஒருநாள் நாக்கு அந்த இடைவெளியில் எதிலோ முட்டியது. புதுப் பல்.

இவ்வளவும் அந்த ஓட்டையால் வந்தது. ஓட்டை மூடினால் என்ன ஆகும்? பல்லை நாக்கால் உள்ளே தள்ளிப் பார்த்தேன். அது கேட்கவில்லை. கடைக்காரர் யாராவது வீட்டுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

பல் முழுதாக முளைத்த பிறகு ஒரு சனிக்கிழமை அப்பா என்னைப் பாமன்கடைக்குக் கூட்டிப்போனார். நானா எனக்குத் தொதல் இனிப்புத் துண்டு ஒன்று தந்து, பக்கத்தில் எங்கள் பொடி வாங்கிக்கொண்டிருந்த சிங்கள அம்மாவிடம் என்னைக் காட்டினார். இதுதான் அந்தப் பிள்ளை, என்றார். சிரி, என்றார்கள். வேறு வழியில்லாமல் சிரித்தேன். அந்த அம்மா பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மே ளமயா நெமெய்னே" என்றார். இந்தப் பிள்ளை இல்லையே.

சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவர் வாங்கிவிட்டார் என்பதை நான் கவனிக்கவில்லை. வீதிக்கு வந்ததும் அழத் தொடங்கினேன். இன்னொரு முறை கொட்டாஞ்சேனைக்குப் போவோம், புதுப் பல்லோடு படம் எடுப்போம், இல்லாவிட்டால் இனி ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா முதலில் பெரிதாகச் சிரித்தார். பிறகு குனிந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். அவர் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நான் அவருடைய வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அவள் அங்கையே இருக்கட்டும்" என்றார், கடையின் முன்வரிசையைப் பார்த்தபடி. "நீ வா, பிள்ளை."

அவள் என்று அப்பா யாரைச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். பின்னால் வீதியில் பிள்ளைகள் எவரும் இல்லை.