சத்தம் குறைத்த வீடியோ

மேல் லீக்கில் எங்கள் மாத்தளை புட்போல் அணி நிற்குமா, இறங்குமா என்பது அந்தக் கடைசி மெட்ச்சில்தான் இருந்தது. தோற்றால் கீழே. சம்பளத்துக்கு ஆடும் இத்தனை பேரும் கலைந்துபோவார்கள். முந்தின நாள் மாலை, கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த தலைமைக் கோச்சும் உதவிக் கோச்சான நானும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஹோட்டலில் பிளேன்டீயோடு உட்கார்ந்து அணியை எடை போட்டோம்.

முன்வரிசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வரும் விங்கரை ஓடிப் பிடிக்க ஆளில்லை. நடுவில் ஆடுகிற இருவரும் கெட்டிக்காரர்கள், கோபம் வராதவரைக்கும். பின்வரிசைதான் கவலை. நான்கு பேரும் மெதுவானவர்கள். ஒருவருக்குத் தமிழ், இருவருக்குச் சிங்களம், கானாவிலிருந்து வந்தவருக்கு இரண்டும் அரைகுறை. ஆனாலும் அந்த சீசனில் அவர்கள் அதிகம் கோல் விடவில்லை.

"கீப்பரை மாத்துவோம்," என்றார் கோச். "முழங்கால் போச்சு. ரெண்டாவது கீப்பர் நல்லா பாஞ்சி பிடிக்கிறான்."

அந்தக் கீப்பர் என் தங்கையின் கணவர். முழங்கால் போனது உண்மைதான். ஆனால் கோச் பழைய மெட்ச்களைப் பார்த்தது வீடியோவில். பார்வையாளர்கள் ஊதுகிற பப்பரே பேண்ட் தலையிடி என்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். மச்சானின் திறமையோ வாயில் இருந்தது. பந்து தனக்கென்றால் தமிழில் "என்ட", சிங்களத்தில் "மகே", இல்லாவிட்டால் "விடு", "ஏறு" என்று இரண்டு பாஷையிலும் கத்திக் கத்தியே நான்கு பேரையும் நகர்த்துவார். வீட்டில் சோறு கேட்கக்கூட வாய் திறக்காத மனிதர்.

இதையெல்லாம் சொன்னேன். கோச் சிரித்தார். "ஒங்க மச்சான்தானே, சொல்லத்தான் செய்வீங்க."

காது சூடேறியது. ஆனால் ஆத்திரத்தைவிடச் சந்தேகம்தான் என்னை அதிகம் வதைத்தது. வேறு ஒருவர் என்றால் இப்படி வாதாடுவேனா? வீட்டுக்கு வந்த தங்கையும் அண்ணன் என்ற உரிமையோடு அதையே சொன்னாள். "நானா, அவருக்காகப் பேசாதீங்க. ஊர் ஒரு மாதிரி கதைக்கும்."

காலையில் பஸ்ஸில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சானைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரெண்டாவது கீப்பரைத்தான் இறக்கினார்.

இடைவேளை வரை கோல் இல்லை. அதற்குப் பிறகு, சும்மா ஒரு உயரப் பந்து வந்தது. கானாக்காரர் கீப்பர் எடுப்பார் என்று விட்டார். கீப்பர் முன்னால் வந்து, அவர் அடிப்பார் என்று நின்றான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெஞ்சிலிருந்த மச்சான் எழும்பி, "என்ட சொல்லு, என்ட சொல்லு" என்று தொண்டை கிழியக் கத்தினார். பப்பரே சத்தத்தில் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எதிரணிக்காரர் ஒருவர் அந்த இருவருக்கும் நடுவே புகுந்து பந்தைத் தலையால் கோலுக்குள் தள்ளிவிட்டார்.

அந்த ஒரு கோலில் இறங்கினோம்.

உடை மாற்றும் அறையில் கோச் கேட்டார்: "ஏன்டா ஒருத்தரும் கூப்பிடல்ல?"

பின்வரிசைக்காரர் நால்வரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், பெஞ்சிலிருந்து கத்தியதில் குரல் அடைத்துப் போயிருந்தது. நான் அணிக்காகத்தான் பேசினேன், மச்சானுக்காக இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறுதியானது. அது தெரியவர லீக்கே போக வேண்டியிருந்தது.