பேண்டேஜ் பண்டலில் ஒரு தாளம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வலது மணிக்கட்டில் பேண்டேஜைச் சுற்றும்போது எழுந்த துணி வாசனை, இராஜபாளையத்தில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அந்தச் சரக்குக் கிட்டங்கிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. சின்ன வயதில், பக்கத்தில் தறிகள் இரைய இரைய, பேண்டேஜ் துணிப் பண்டல்கள்மேல் ஸ்டெல்லா குச்சியால் அடித்துக்கொண்டே இருப்பாள். சர்ச்சில் டிரம்ஸ் பழகியது நாங்கள் இருவர்தான். வீட்டில் சொந்த செட் இருந்தது எனக்கு மட்டும், ஆனாலும் ஞாயிறுதோறும் சனம் திரும்பிப் பார்த்தது அவள் வாசித்தபோதுதான்.

கனமான குச்சி வாங்கினேன், டிரம்மின் தோலை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பொறுக்காமல் அவளிடமே கேட்டேன்.

“டிரம்முல குச்சி தானா எழும்பும்க்கா. துணி எழுப்பி விடாது, நாமதான் தூக்கணும். அதுல பழகுனா கை தன்னால ஓடும்,” என்றாள். ஒளிக்காமல் சொன்னாளே, அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிறு சர்ச்சில், தலை நரைத்தும் அவள் கை அப்படியே ஓடியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் அடிக்க ஆரம்பித்தேன். மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

“கை எப்படிம்மா சுளுக்குச்சு?” என்றாள் நர்ஸ்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்,” என்றேன். மடியில் கிடந்த மீதி பேண்டேஜ் உருண்டையில் என் இடது கை ஏற்கெனவே தட்ட ஆரம்பித்திருந்தது.