நிலவறைப் போனைக் கேட்காத அன்ரனா

அன்ரனா பூட்டுகிறவன் வேலையைச் சரியாகச் செய்தால் ஒருவருக்கும் அவனைத் தெரியாது. பிழைவிட்டால் தெருவே தேடிவரும். போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலோரம் அலைந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மேலேயா, கீழேயா

பாரிஸின் லாச்சப்பலில் ஒரு கட்டடத்தின் கூரையில் கைபேசிகளுக்கான புதுவகை அன்ரனாவைப் பரீட்சித்துக்கொண்டிருந்தோம். பழைய வகையில், வந்துசேரும் அலையை நுணுக்கமாக அளந்து எண்ணாக மாற்றும் கருவிகள் மின்சாரத்தைக் குடித்துத் தள்ளும். புதியதில் அறுபத்துநாலு சின்ன அன்ரனாக்கள். ஒவ்வொன்றின் கருவியும் அலை மேலேயா கீழேயா என்று மட்டும் சொல்லும். மின்சாரம் மிச்சம். இந்தக் கரடுமுரடான அளவை நம்பலாமா என்று எஞ்சினியர் ஃபிலோமினாவிடம் கேட்டேன். புதுச்சேரிக்காரர், இலேசில் பதறாதவர்.

"ஒண்ணு சொன்னா நம்பாதீங்க ரவி, அறுபத்துநாலும் சேர்ந்து சொன்னா நம்பலாம்."

பதினொரு மணிக்குப் பிறகு

மூன்றாம் நாள் மத்தியானம் வசந்தியக்கா மூச்சிரைக்கக் கூரைக்கு ஏறிவந்தார். அதே கட்டடத்து நிலவறையில், சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமைக்கிறவர். பதினொரு மணியிலிருந்து கீழே போன் வேலைசெய்யவில்லையாம். அவருடைய கணவர் புறநகரான ஸ்தேனில் வீட்டில் இருக்கிறார், மாற்றுச் சிறுநீரகத்துக்காக இரண்டு வருடக் காத்திருப்பு. அவருக்குப் பிரெஞ்சு தடுமாறும் என்பதால், சிறுநீரகம் கிடைத்தால் கூப்பிட ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது அக்காவின் நம்பர்.

"அடுப்பை விட்டிட்டு நான் மேலை நிக்கேலாது தம்பி, அந்தக் கோல் கீழை வரோணும்."

கலியாண வீடியோ

எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ஸ்ரூடியோ. பதினொன்றிலிருந்து கலியாண வீடியோக்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிட்ட இருந்து பலமாக வந்த அந்த அலையைத் தவிர எங்கள் கருவிகளுக்கு வேறொன்றும் கேட்கவில்லை. நிலவறைப் போனின் மெல்லிய அலை அதற்குள் அமுங்கிப்போயிற்று. அறுபத்துநாலில் எட்டு அன்ரனாக்களுக்கு மாற்றாக ஒதுக்கி வைத்திருந்த எட்டு நுணுக்கமான கருவிகளை இயக்கினால் கேட்கும். ஆனால் பரீட்சையின் மின்சாரக் கணக்கு கெட்டுவிடும். மாலைவரை ஒன்றையும் தொடக்கூடாது என்று பொறுப்பதிகாரி போனில் சொல்லிவிட்டார்.

ஃபிலோமினா மடிகணினியை என் பக்கம் திருப்பினார். எட்டையும் இயக்கிவிட்டு ஆறு மாடி இறங்கி ஓடினேன். குசினி வாசலில் அக்கா போனைக் காதில் அழுத்தியபடி "வீ, வீ" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஏப்ரனைக் கழற்றினார்.

"இது மூண்டாம்தரம் எடுத்தவையாம் தம்பி, நான் எடுக்காட்டி கிட்னி அடுத்த ஆளுக்குப் போயிருக்குமாம்."

அறிக்கை

அக்காவின் கணவருக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அடுத்த கிழமை பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்றுதான் போனேன். நான் எழுதிய அறிக்கையை இரண்டுதரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இனி அந்த எட்டையும் முதல் நாளே போடுங்கள், ஆனால் நான் சொல்லிப் போட்டதாக எழுதுங்கள்."

இன்றைக்கு அந்தக் கூரையில் ஐம்பத்தாறு கருவிகள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கின்றன, எட்டுக் கருவிகள் மனிதரைக் கேட்கின்றன, புகழ் மட்டும் பொறுப்பதிகாரிக்குப் போகிறது.